மூட்டம் வருவதற்கு முன்னால்: ஹோர்ட்டன் சமவெளியில் குழுவாக ஒரு நாள்

முதல் தடவை நாங்கள் 19 பேர் போனோம். நுவரெலியாவில் இருந்து காலை ஆறரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு. ஒருவர் குளித்து முடிக்கவில்லை, ஒருவர் பாண் வாங்கக் கடைக்குப் போனார், இன்னொருவருக்குத் தேத்தண்ணி குடிக்காமல் வேனில் ஏறப் பிடிக்கவில்லை. வேன் நகர்ந்தபோது ஏழே முக்கால். நடந்து உலக முடிவு (World's End) என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்ச் சேரப் பத்தரை தாண்டிவிட்டது. அங்கே எங்களுக்குக் கிடைத்தது வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் ஓர் எச்சரிக்கைப் பலகை. "இதைக் காட்டவா இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்த?" என்று பெரியம்மா கேட்டார். நான் பலகையைப் படிப்பதுபோல் நின்றுகொண்டேன்.

அதன்பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள், வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் என்று பல குழுக்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ போகிறவர்களுக்கு அங்கே பெரிய சிரமம் எதுவும் இல்லை. பாதை தெளிவானது, மலை ஏறுபவர்களுக்கான பயிற்சி எதுவும் தேவையில்லை. பத்துப் பதினைந்து பேராகப் போகும்போதுதான் எல்லாம் கெடுகிறது, அதுவும் பெரும்பாலும் காலை ஆறு மணிக்கு முன்னாலேயே கெட்டுவிடுகிறது. இந்தக் குறிப்பு முதல் தடவை ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு.

எந்த மாதிரி இடம்

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்தில் இருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கும் புல்வெளியும் முகில் காடும். சிங்களத்தில் மகா எலிய. 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை ஆங்கிலேயர்கள் வைத்தார்கள். 1988இல் தேசியப் பூங்கா ஆனது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதி. மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் இந்தப் பக்கத்தில் இருந்து தண்ணீர் போகிறது.

உயரத்தால் தலைசுற்றுமா என்று எல்லோரும் கேட்பார்கள். உயர நோய் என்பது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கும், ஆகவே அந்தப் பயம் வேண்டாம். ஆனால் கொழும்பில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ நேற்றுத்தான் வந்தவருக்கு முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அது சாதாரணம். கொஞ்சம் நின்று போனால் சரியாகிவிடும். ஆஸ்துமா உள்ளவர் பம்பைக் கையிலேயே வைத்திருக்கட்டும், பையின் அடியில் வேண்டாம். குளிர்காற்று முதலில் தேடி வருவது அவரைத்தான்.

எப்போது போவது என்றால், ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மழை குறைவு, வானம் தெளிவு. ஆனால் அந்த மாதங்களின் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், குளிர் அப்படி. மே கடைசியில் இருந்து தென்மேல் பருவக்காற்று அடிக்கும், மழை கிடையாகப் பெய்யும், குடை பிடிப்பதில் அர்த்தம் இல்லை. ஏப்ரலில் நுவரெலியாவே வசந்த விழாவில் நிரம்பி வழியும். அந்த மாதம் குழுவாகப் போக நினைப்பவர் வேனை விட்டு இறங்காமலேயே பாதி நாளைக் கழிக்கத் தயாராக இருக்கட்டும். போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளும் நீண்ட வார இறுதியும் அப்படித்தான். வாரநாள் ஒன்றைப் பிடிக்க முடிந்தால் பிடியுங்கள்.

முதல் நாள் இரவே செய்ய வேண்டியவை

குழு 12 பேரைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வேனில் கொள்ளும் கூட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் இரண்டு வேன், இரண்டு தலைவர்கள், இரண்டு குழுக்கள் என்றே நினையுங்கள். ஒன்று மற்றதற்காகக் காத்திருக்கவே கூடாது.

யார் வரலாம்? பிரதான சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீட்டர். வீட்டுப் பக்கத்தில் ஏற்ற இறக்கமான தெருவில் ஒரு மணி நேரம் நிற்காமல் நடக்கக்கூடிய அறுபது வயதுக்காரர் தாராளமாக வரலாம். முழங்கால் வலி உள்ளவருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி, அதுவும் பேக்கர் அருவிக்கு இறங்கும் படி. ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகவே நடப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று ஒருவர் சொன்னால், தூக்கப் போவது அவரா மற்றவர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எனக்கு அந்த அனுபவம் இருக்கிறது, என் தோளுக்கும் இருக்கிறது.

முதல் நாள் இரவு நுவரெலியாவில் தங்குவது உத்தமம். அங்கே இருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் சுமார் 32 கிலோமீட்டர். கணக்குக்குக் குறைவு, ஆனால் வளைவுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பூங்காவுக்குள் பஸ் ஓடாது. ரயிலில் வருகிறவர்கள் பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். ஆனால் ரயில் உங்களை விடியற்காலையில் கொண்டுவந்து இறக்காது, குழுவுக்கு வேன்தான் சரி. சாரதியிடம் நேரத்தை இரவே சொல்லிவிடுங்கள். அவருக்கும் காலை உணவு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நேரத்துக்கு வருவார்.

உடுப்பு விஷயத்தில் ஒரே ஒரு விதி, அடுக்கடுக்காக. உள்ளே மெல்லிய சட்டை, மேலே சுவெட்டர், அதற்கு மேல் காற்றையும் தூறலையும் தாங்கும் ஜாக்கெட். ஆறு மணிக்கு நடுங்குவீர்கள், ஒன்பது மணிக்குச் சுவெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டுவீர்கள். வெயில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் அந்த உயரத்தில் தோலைச் சுட்டுவிடும், தொப்பி வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் மாலை வரை காயாது. காலுக்கு அடிப்பகுதி தேயாத சப்பாத்து. புதுச் சப்பாத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடுவேன் என்று யாராவது அடம்பிடித்தால், கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை அவருக்காகவே நான்கு எடுத்து வையுங்கள்.

சாப்பாடும் பொலித்தீனும்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குழுக்கள் அதிக நேரத்தைத் தொலைப்பது இங்கேதான். நடைபாதை தொடங்கும் பார் இன் என்ற பழைய வேட்டை விடுதிக்குப் பக்கத்தில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் எதுவும் உள்ளே போக முடியாது. தண்ணீர்ப் போத்தலைச் சுற்றி ஒட்டியிருக்கும் லேபலைக்கூடக் கிழித்து எடுத்துவிடுவார்கள். பிஸ்கட் உறை, டொபி உறை, சாப்பாடு சுற்றிய லஞ்ச் ஷீட் எல்லாம் அப்படித்தான்.

ஒரு தடவை எங்களுக்கு முன்னால் முப்பது பேர் கொண்ட ஒரு கூட்டம். முப்பது சாப்பாட்டுப் பொதியும் லஞ்ச் ஷீட்டில். நின்றபடியே ஒவ்வொன்றாகப் பிரித்து, சோற்றை எதில் போடுவது என்று தெரியாமல், ஒரு அக்கா கடைசியில் தன் பிள்ளையின் தொப்பியை நீட்டினார். சிரித்துக்கொண்டே பார்த்தோம். ஆனால் அவர்கள் உள்ளே போக முக்கால் மணி நேரம், அவர்களுக்குப் பின்னால் நின்ற எங்களுக்கும் அதே முக்கால் மணி நேரம்.

ஆகவே இரவே எல்லாவற்றையும் பிரித்து மாற்றுங்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் எவர்சில்வர் பெட்டியில், அல்லது வாழை இலையில் சுற்றிப் பழைய பத்திரிகைத் தாளில். பிஸ்கட்டை டப்பாவில் கொட்டிவிடுங்கள். கடலையைக் காகிதப் பையில் போடுங்கள். லேபலை வீட்டிலேயே கிழித்துவிடுங்கள், அல்லது பலதடவை பயன்படும் போத்தலைக் கொண்டுபோங்கள். ஆளுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர் போதும். வாழைப்பழமும் வேர்க்கடலை உருண்டையும் நடையின் நடுவில் கை கொடுக்கும். அவித்த முட்டை வேண்டாம், ஏன் என்று மூடிய வேனில் திரும்பி வரும்போது தெரியும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று யாராவது முணுமுணுத்தால், பார் இன் பக்கத்தில் நிற்கும் மரை என்ற பெரிய மானைக் காட்டுங்கள். மனிதருக்குப் பயப்படாமல் அருகில் வரும், படம் எடுக்க நிற்கும். முன்பு வந்தவர்கள் பாணும் பழமும் கொடுத்துப் பழக்கியதன் விளைவு அது. சாப்பாட்டு வாசம் ஒட்டிய பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும், அது வயிற்றிலேயே கிடக்கும். உங்கள் குழுவில் உள்ள பிள்ளைகள் கட்டாயம் எதையாவது நீட்டுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நுழைவுச் சீட்டு

பட்டிப்பொலப் பக்கம் ஒரு வாசல், ஒஹியப் பக்கம் ஒரு வாசல். காலை ஆறு மணிக்குத் திறக்கும். கட்டணம் ஆளுக்கு ஒரு கணக்கு, வாகனத்துக்கு ஒரு கணக்கு, அதன் மேல் சேவைக் கட்டணமும் வரியும். தொகை அடிக்கடி மாறும் என்பதால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அறிவிப்பைக் கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் வித்தியாசம் பல மடங்கு. கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வந்த மாமா "நான் இங்க பொறந்தவன்தானே" என்று சொல்வது சீட்டுக் கொடுக்கும் இடத்தில் எடுபடாது, அடையாள அட்டை கேட்பார்கள். இந்தச் சங்கடத்தை முதல் நாளே பேசித் தீர்த்துவிடுங்கள். எல்லோருடைய அடையாள அட்டையையும் காசையும் ஒரே ஆள் வாங்கி வைத்துக்கொண்டு, வேன் நின்றவுடன் அவர் மட்டும் இறங்கிப் போக வேண்டும். மற்றவர்கள் இறங்கினால் திரும்ப ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் போகும்.

நடை தொடங்கும் முன் பார் இன்னில் கழிவறைக்குப் போய்விடுங்கள். பாதையில் கிடையாது. சிறு உணவகம் ஒன்றும் இருக்கிறது, திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து மணிக்கு நுவரெலியாவை விட்டால் ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்கிவிடலாம். மூட்டம் பெரும்பாலும் ஒன்பதில் இருந்து பத்துக்குள் பள்ளத்தாக்கில் இருந்து எழும்பி வரும். வெயில் ஏற ஏறக் கீழே சூடாகும் ஈரக்காற்று செங்குத்தான மலைச்சுவரில் மோதி மேலே ஏறும், ஏறும்போது குளிர்ந்து முகிலாகும். விளிம்பில் நின்று பார்த்தால் அது புகைபோலச் சுவரில் ஊர்ந்து வருவதே தெரியும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் மூடிவிடும்.

நடை

சுற்றுப்பாதையில் பிரியும் இடம் வரும். பலகை பார்த்து, உலக முடிவுப் பக்கம் முதலில் போங்கள், பேக்கர் அருவியைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். அருவி மூட்டத்திலும் அருவிதான், பள்ளத்தாக்கு அப்படியில்லை.

குழுவை நடத்த இரண்டே பேர் போதும். முன்னால் போகிறவரை யாரும் தாண்டக் கூடாது. கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. கடைசி ஆளாகக் குழுவிலேயே பொறுமையானவரைப் போடுங்கள், வேகமானவரை அல்ல. வேகமான பையன்கள் முன்னால் ஓடத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு பிரிவிலும் நின்று, கடைசி ஆளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நகர வேண்டும் என்று சொன்னால் தானாகவே அடங்குவார்கள். போன் சிக்னல் நிறைய இடங்களில் இருக்காது, "கோல் எடுக்கிறேன்" என்பதை நம்பிப் பிரியாதீர்கள்.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவது நல்லதா என்று கேட்பார்கள். நான் அவரை இரண்டாவது இடத்தில் விடுகிறேன். முதல் ஆள் அவருடைய மூச்சைக் கேட்டு நடை வைக்கலாம், அவருக்கும் எல்லோரும் தனக்காகக் காத்து நிற்கிறார்கள் என்ற வெட்கம் இருக்காது.

பாதை முதலில் திறந்த புல்வெளி. மழை அரித்த மண், சில இடங்களில் கணுக்கால் ஆழத்துக்குக் குழி, ஓடைக்குக் குறுக்கே கற்கள். அப்புறம் காட்டுக்குள் நுழையும். மரங்கள் உயரமில்லை. காற்றுக்கு வளைந்து, குடை விரித்ததுபோல் தலை தட்டையாகி, கிளையெல்லாம் பாசி தாடிபோல் தொங்க நிற்கும். அந்தப் பாசியைத் தொட்டுப் பாருங்கள், மழை பெய்யாத நாளிலும் ஈரமாக இருக்கும். மரத்தடியில் அடர்ந்து நிற்கும் புதர்களில் ஒன்று சிங்களத்தில் நெலு, நம் குறிஞ்சியின் இனம். ஏறத்தாழ 12 வருடத்துக்கு ஒரு தடவை ஒன்றாகப் பூக்கும். சிவப்பாகப் பூக்கும் ரொடொடென்ட்ரன் மரத்தைக் காண அந்த அளவு அதிர்ஷ்டம் தேவையில்லை. கிளையில் அசையாமல் இருக்கும் பல்லி போன்ற ஒன்றின் மூக்கில் கொம்பு தெரிந்தால், அது உலகத்திலேயே இந்த மலைநாட்டில் மட்டும் வாழும் ஓணான். பிள்ளைகள் நம்மைவிட முதலில் கண்டுபிடிப்பார்கள்.

முதலில் வருவது சிறிய உலக முடிவு. இங்கே எல்லோரும் பத்து நிமிடப் படம் எடுக்கத் தொடங்குவார்கள். மூன்று நிமிடம் கொடுங்கள். பெரியது முன்னால் இருக்கிறது, மூட்டம் கீழே இருக்கிறது.

விளிம்பில்

உலக முடிவில் மலை எண்ணூறு மீட்டருக்கு மேல் சரிந்து விழுகிறது. 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் அடி வைத்து விழுந்தார். சுமார் 40 மீட்டர் கீழே ஒரு மரத்தில் தங்கியதால் உயிர் பிழைத்தார். அந்த மரம் எல்லா இடத்திலும் இல்லை.

என் குழுவுக்கு நான் சொல்வது இதுதான். போன் கையில் இருக்கும்போது கால் நகரக் கூடாது, கால் நகரும்போது போன் பையில் இருக்க வேண்டும். விளிம்புப் பக்கம் எட்டிப் பார்க்க ஆசை உள்ளவர் உட்கார்ந்துகொண்டு பார்க்கட்டும். பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதெல்லாம் முடிந்தபின் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே தாழ்நிலம் அலை அலையாக விரியும். நேர் கீழே நன்பெரீல் தேயிலைத் தோட்டம், பச்சைச் சரிவில் சிறிய தகரக் கூரைகள். இரண்டாவது தடவை பெரியம்மாவைக் கூட்டிப் போனபோது எட்டரைக்கே சேர்ந்துவிட்டோம். மற்றவர்கள் பள்ளத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்க, முப்பது வருடம் கொழுந்து பறித்த பெரியம்மா தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயங்களின் கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "லயம் ரெண்டு வரிசை தெரியுது. தண்ணிக்கு எங்க போவாங்க?" என்றார். கடல் தெரிகிறதா என்று நாங்கள் தேடியது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

இங்கே இருபது நிமிடம் தாராளமாக உட்காரலாம். பெட்டிகளைத் திறக்க நல்ல இடம் இதுதான், விளிம்பில் இருந்து நன்றாகத் தள்ளி.

பேக்கர் அருவியும் திரும்புதலும்

அருவிக்கு இறங்கும் படி ஈரமாக, வழுக்கலாக இருக்கும். முழங்கால் வலிக்காரர் மேலேயே நிற்கட்டும், அவரோடு ஒருவர் துணைக்கு நிற்கட்டும். உயரம் சுமார் 20 மீட்டர்தான், ஆனால் மழைக்குப் பின் அகன்று விழும்போது பேச்சுக் கேட்காது. குளிக்க இறங்கவே கூடாது. பெயர் சாமுவேல் பேக்கருடையது. 1840களில் நுவரெலியாவில் ஆங்கிலேயப் பண்ணை அமைக்க வந்த அதே பேக்கர், பெரிய யானை வேட்டைக்காரர். இந்தச் சமவெளியில் ஒரு காலத்தில் யானைகள் இருந்தன. இப்போது ஒன்றும் இல்லை.

அருவியில் இருந்து பார் இன் வரை உள்ள தூரம்தான் எல்லோருக்கும் நீளமாகத் தெரியும். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, வெயில் ஏறிவிட்டது, பேச்சு குறையும். பிஸ்கட் டப்பாவைக் கடைசி வரை மறைத்து வைத்திருந்து இங்கே திறப்பது என் பழைய தந்திரம். குழுவாக மொத்தச் சுற்றுக்கும் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெம்பு மிச்சம் இருந்தால் தோட்டுபொல

பதினொன்று, பதினொன்றரைக்குப் பார் இன்னில் தேத்தண்ணி. இப்போது குழு இரண்டாகப் பிரியலாம், இது நல்ல பிரிவு. தோட்டுபொல கந்த 2,357 மீட்டர், நாட்டின் மூன்றாவது உயரமான சிகரம். ஆனால் பாதை சமவெளியிலேயே தொடங்குவதால் ஏற வேண்டியது கொஞ்சம்தான். பட்டிப்பொலப் பக்கம் திரும்பும் வீதியின் ஓரத்திலேயே ஏறும் வழி. குறுகலான காட்டுப்பாதை, வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஏறி இறங்க இரண்டு மணி நேரம் கொடுங்கள். இராவணனின் விமானம் இறங்கிய துறை இது என்று சொல்வார்கள், "தோட்டுபொல" என்ற சிங்களச் சொல்லுக்கும் இறங்குதுறை என்றுதான் பொருள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்குப் பின் இடி வரும் பழக்கம் உண்டு. தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டாலும் இதை விட்டுவிடுங்கள். யாராவது "கிரிகல்பொத்தைக்கும் போகலாமே, அது ரெண்டாவது உயரமாச்சே" என்று கேட்டால், அது தனியாக ஒரு முழு நாள் என்று சொல்லிப் பேச்சை முடியுங்கள்.

ஏறாதவர்களை வேன் பட்டிப்பொல ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு வரட்டும். 1,891 மீட்டர், இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம், பெயர்ப்பலகையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். பெரியம்மா அங்கே வாங்கில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நாங்கள் தோட்டுபொலவில் இருந்து சேற்றோடு வந்து சேர்ந்தபோது, ஸ்டேஷன் பக்கத்து வீட்டு அம்மாவின் ஊர், பிள்ளைகள், மருமகள் எல்லாம் விசாரித்து முடித்திருந்தார்.

வேன் கிளம்பும் முன் தலைகளை எண்ணுங்கள். குப்பைப் பையையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.